தோட்டத்து ஊரில் உரிமைக் கலை இரவு: மேடை ஏறும் குழுக்களுக்கு ஒரு கையேடு

மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள பெஸ்தாரி ஜெயா போன்ற ஒரு தோட்டத்து ஊரில், அதாவது இன்றும் பெரியவர்கள் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் அந்த ஊர் போன்ற ஓரிடத்தில், தோட்டத் தொழிலாளரின் வீடு, கூலி உரிமை கேட்டு நடத்தும் கலை இரவில், திறந்த திடலில் பாடவும் பறையடிக்கவும் நாடகம் போடவும் வரும் குழுக்களுக்காக இதை எழுதுகிறோம். கோலாலம்பூர் மண்டபத்தில் நன்றாக எடுபட்ட நிகழ்ச்சி, செம்பனைக் காட்டை ஒட்டிய திடலில் அப்படியே எடுபடாது. சுவரும் கூரையும் இல்லாததால் குரல் காற்றோடு போய்விடும். ஈரத்தில் பறைத்தோல் தொய்ந்துவிடும். ஒன்பது மணிக்கு இடி இடிக்கும். எதிரே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் விடியுமுன் எழுந்தவர்கள்.

கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். முப்பது நாற்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். லயத்து வீட்டை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டை, காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தால் அது அவர் கைக்குத்தான் வரும். நீங்கள் பாடும் ஒவ்வொரு சொல்லும் அவர் காதில் தெளிவாக விழ வேண்டும். தாளம், சுருதி, மைக், ஒலிபெருக்கி என்று இனி வரும் எல்லாவற்றையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தே முடிவு செய்யுங்கள்.

நாளும் நேரமும்

சம்பளம் கைக்கு வந்த பிறகு வரும் சனிக்கிழமைதான் சரியான நாள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் கூலி கொடுத்தாக வேண்டும். அதனால் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பெரும்பாலும் பொருந்தி வரும். கடன்காரருக்குக் கொடுத்து, கடையில் சாமானும் வாங்கிவிட்ட நிம்மதியோடு சனம் வரும். மாதக் கடைசியில் வைத்தால் கூட்டம் பாதியாகிவிடும், வந்தவர்களும் கவலையோடுதான் உட்கார்ந்திருப்பார்கள்.

மேற்குக் கரையில் மக்ரிப் தொழுகை அழைப்பு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 6.55-க்கும் 7.35-க்கும் இடையில் வரும். இஷா அழைப்பு அதற்குச் சுமார் 70, 75 நிமிடம் கழித்து. அன்றைய நேரத்தை முன்பே பார்த்து நிரலில் எழுதிவிடுங்கள். இரண்டு அழைப்பின்போதும் ஒலிபெருக்கி முழுவதும் அமைதியாக இருக்க வேண்டும். அறிவிப்பாளர் குரல்கூடக் கேட்கக் கூடாது. அண்டை கம்பத்து (கிராமத்து) மலாய்க் குடும்பங்களும் இதே வீட்டு, நிலப் பிரச்சினையில் மாட்டியிருப்பவர்கள்தான். அவர்களைத் திடலுக்கு அழைத்துவிட்டு அழைப்பின் நடுவே உருமி முழங்கினால் அடுத்த தடவை யாரும் வரமாட்டார்கள். நாங்கள் சொல்லும் ஒழுங்கு இது: மாலை 5.30-க்குத் தெரு வழியாகப் பறை அழைப்பு, 6.30-க்கு மனு மேசை (கோரிக்கைப் படிவம் நிரப்பும் இடம்) திறப்பு, 6.50-க்கு ஒலி நிறுத்தம், 7.45-க்கு முதல் பாட்டு, இஷா நேரத்தில் தேநீர் இடைவேளை, 10.15-க்கு முடிவு. ஞாயிறு விடுமுறையாக இருந்தாலும் 10.15-ஐத் தாண்ட வேண்டாம். விடியற்காலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) பழகிய உடம்பு பத்தரைக்கு மேல் விழித்திருக்காது. கடைசிப் பாட்டுக்கு நாற்காலிகள் காலியாக இருந்தால் கோரிக்கை யாரிடம் போய்ச் சேரும்?

அனுமதி விஷயம்

இது ஏற்பாட்டாளர் வேலைதான். ஆனாலும் மேடை ஏறுபவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் காவலர் வந்து முதலில் கேள்வி கேட்பது ஒலிவாங்கி பிடித்திருப்பவரைத்தான். 2012-ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டத்தில் முன்பு பத்து நாள் அறிவிப்பு வேண்டியிருந்தது. 2019 திருத்தத்துக்குப் பின் அது ஐந்து நாள். அறிவிப்பு மாவட்டக் காவல்துறைத் தலைவருக்குப் போக வேண்டும், நிலத்துக்குச் சொந்தக்காரரின் சம்மதமும் வேண்டும். அறிவிப்பு கொடுக்காததைக் குற்றமாக்கிய 9(5) பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2025 ஜூலை 1-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காக அறிவிப்பை விட்டுவிடாதீர்கள். அறிவிப்பின் நகல் கையில் இருந்தால் திடலில் நடக்கும் பேச்சு பத்து நிமிடத்தில் முடியும்.

ஏற்பாட்டாளருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 15 வயதுக்குக் குறைந்தவர்களும் குடியுரிமை இல்லாதவர்களும் பேரணியில் பங்கெடுக்க இந்தச் சட்டம் இடம் தரவில்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளைக் கோலாட்டம் ஆடச் சொல்லுமுன் இதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு முடிவெடுங்கள். பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுத் தலம், பெட்ரோல் நிலையம், இவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் பேரணி கூடாது என்பதால், ‘கோயில் திடல்’ என்று வாயால் சொல்லும் இடத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். கலை நிகழ்ச்சிக்கான கேளிக்கை உரிமம் வேறு, அது ஊராட்சி மன்றத்தில் வாங்க வேண்டியது. தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில் நடத்தினால் அவர்களின் கடிதம் வேண்டும், கோரிக்கையே அவர்களுக்கு எதிரானது என்றால் கடிதம் கிடைப்பது அரிது. அதனால் ஊர்த் திடலை முதலிலேயே கேட்டு வைப்பது நல்லது.

பாட்டு: திருப்பிப் பாடத் தக்கதாக இருக்க வேண்டும்

உரிமைப் பாட்டில் பெரும்பாலும் நடக்கும் தவறு, சொற்கள் அதிகமாக இருப்பது. காகிதத்தில் அழகாக இருக்கும் பதினாறு அடி, திடலில் முதல் நான்கு அடியோடு கரைந்துவிடும். மற்றவை சத்தம் மட்டுமே. கேள்வியும் பதிலுமாக எழுதுங்கள். கேள்வியை ஒருவர் பாட, பதிலைக் கூட்டம் பாட வேண்டும். பதில் இரண்டு சொல்லைத் தாண்டக் கூடாது.

மரத்த நட்டது யாரு? — நம்ம தாத்தா!
மண்ணக் கொத்துனது யாரு? — நம்ம பாட்டி!
வீட்டக் கேக்குறது யாரு? — நம்ம பேரன்!

‘நம்ம’ என்ற சொல் ஒவ்வொரு பதிலிலும் வருவதால் இரண்டாம் சுற்றிலேயே கூட்டத்துக்குப் பிடிபட்டுவிடும். மாறுவது ஒரு சொல்தான். அந்த ஒரு சொல்லில் தலைமுறை நகர்கிறது, கடைசியில் கோரிக்கை வந்து நிற்கிறது. நான்காவது கேள்வியை அந்த ஊருக்கென்றே எழுதுங்கள். பெரியவர்கள் இருவரிடம் போய், எந்த ஆண்டு தோட்டம் கைமாறியது, எத்தனை குடும்பம் மிச்சம், எந்த லயத்தில் தண்ணீர் வரவில்லை என்று கேட்டு, அதிலிருந்து எடுங்கள். வெளியூர்ப் பாட்டை அப்படியே கொண்டு வந்து இறக்கினால் கைதட்டுவார்கள், ஆனால் மறுநாள் யார் வாயிலும் அது இருக்காது.

மெட்டுக்குத் தெம்மாங்கும் கும்மியும் கைகொடுக்கும். தாலாட்டையும் ஒப்பாரியையும் தோட்டத்துப் பெண்கள் நன்றாக அறிவார்கள். இருந்தாலும் ஒப்பாரி மெட்டை முதல் பாட்டாக வைக்காதீர்கள். துக்கத்தில் தொடங்கிய கூட்டத்தை மறுபடி எழுப்புவது கடினம். வேகம் நிமிடத்துக்கு 90 முதல் 100 அடி. 120-க்கு மேல் போனால் திறந்த வெளியில் ‘ழ’வும் ‘ள’வும் ஒன்றாகிவிடும். சுருதியைப் பாடகருக்காக வைக்காமல் கூட்டத்துக்காக வையுங்கள். ஆணுக்கு ஒரு கட்டையும் பெண்ணுக்கு ஐந்து கட்டையும் கச்சேரிக்குச் சரி. ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சேர்ந்து பாட வேண்டிய பல்லவி ஓர் எட்டுச் சுரத்துக்குள், முடிந்தால் ஐந்து சுரத்துக்குள் அடங்க வேண்டும். உச்சத்துக்கு ஏறும் சங்கதிகளைச் சரணத்தில் தனிக்குரலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் எண் வந்தால் அது சரியான எண்ணாக இருக்கட்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 ரிங்கிட், ஐந்து பேருக்குக் குறைவான இடங்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல். பழைய பாட்டில் 1,500 என்று இருந்தால் மாற்றிப் பயிற்சி செய்துவிட்டு வாருங்கள். குடியிருப்பைப் பற்றிப் பாடினால் 1990-ஆம் ஆண்டு தொழிலாளர் குறைந்தபட்சக் குடியிருப்பு, வசதிகள் சட்டத்தின் பெயரைச் சொல்லுங்கள். அதன் எண் 446. ஓர் எண் தவறிவிட்டால் எதிர்த்தரப்பு அந்த எண்ணை மட்டுமே பிடித்துக்கொண்டு பேசும். பாட்டின் நியாயம் காணாமல் போய்விடும்.

நிர்வாகியின் பெயரையோ கிராணியின் (தோட்ட எழுத்தரின்) பெயரையோ மேடையில் சொல்லாதீர்கள். கடிதமும் ரசீதும் இருக்கும் விஷயத்தை மட்டும் சொல்லுங்கள். இனம், சமயம், அரச குடும்பம் மூன்றையும் தொடும் வரி எதுவும் வேண்டாம். 1948-ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. கைப்பேசியில் எடுத்த அரை நிமிடக் காட்சியின் பேரில் 1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவில் விசாரிக்கவும் முடியும். கோபம் இருக்கட்டும், அது கோரிக்கையின் மேல் இருக்கட்டும்.

பறையும் உருமியும் ஈரக் காற்றும்

மாலை மழை பெய்து ஓய்ந்த திடலில் பறைத்தோல் ஊறிப்போய்க் கிடக்கும். தட்டினால் ‘தொப்’ என்று விழும். காய்ச்சியாக வேண்டும். திறந்த தீ மூட்டுவது வறண்ட மாதத்தில் ஆபத்து, சட்டமும் இடம் தராது. ஒரு கரி அடுப்பைத் தகரத் தட்டின் மேல் வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணல் வையுங்கள். ஜெனரேட்டரிலிருந்தும் பெட்ரோல் கேனிலிருந்தும் குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்கட்டும். தணல் சிவந்து, புகை நின்ற பிறகு, தோல் கீழ்நோக்கி இருக்க, ஒரு முழத்துக்கு மேல் உயரத்தில் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருங்கள். விளிம்பை முதலில் காட்டுங்கள், நடுவைக் கடைசியில். ஓரிடத்தில் நிறுத்தக் கூடாது. பத்து விநாடிக்கு ஒருமுறை நகத்தால் சுண்டிப் பாருங்கள். ‘தொப்’ என்பது ‘தொம்’ ஆகி, பிறகு உலோகம் போல ‘ணங்’ என்று எழும். அந்த ‘ணங்’ வந்ததும் எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் என்று விட்டால் விளிம்பில் ஒட்டிய இடம் உரிந்து வரும், அல்லது நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழும். அந்தத் தோல் இனி அந்த இரவுக்கு உதவாது.

காய்ச்சிய இறுக்கம் ஈரக் காற்றில் அரை மணி நேரம் நின்றாலே பெரிது. அதனால் மாலையிலேயே காய்ச்சி வைப்பதில் பயனில்லை. உங்கள் முறைக்கு 15 நிமிடம் முன் காய்ச்சி, உலர்ந்த துணிப்பையில் போட்டு, மேடைக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். தரையில் வைத்தால் புல்லின் ஈரம் ஏறிவிடும். ஐந்து பறைக்கு இரண்டாவது காய்ப்பும் தேவைப்படும் என்று கணக்கிட்டு மூன்று கிலோ கரி கொண்டு வாருங்கள். மழைக்காலத்துக்கு ஃபைபர் தோல் போட்ட ஒரு பறையையும் வைத்திருப்பது நல்லது. நாதம் சற்று வறண்டிருக்கும், ஆனால் கைவிடாது. பறையடிக்கும் மெல்லிய நீளக் குச்சியான சிண்டுக்குச்சி முறிவது சாதாரணம், ஆளுக்கு இரண்டு மிகையாக வைத்துக்கொள்ளுங்கள்.

உருமியில் தேய்ப்புப் பக்கத்துத் தோல்தான் நுட்பமானது. வளைந்த குச்சி தோலைப் பிடித்து இழுத்தால்தான் அந்த உறுமல் வரும். ஒரு துளி மழை அல்லது வியர்வை பட்டாலே குச்சி வழுக்கி ஒலி செத்துப்போகும். இரு பக்கத்துக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, வாசிக்கும் நொடியில் கழற்றுங்கள். கயிற்றை இறுக்குவது இருக்கும் இடத்திலேயே நடக்கட்டும், குளிரூட்டிய வேனில் இறுக்கிக் கொண்டு வந்தால் வெளியே வந்ததும் தளர்ந்துவிடும்.

இன்னொன்று. நம் ஊரில் உருமி கேட்டுச் சாமி வந்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். கோயிலை ஒட்டிய திடலில் சாமியை அழைக்கும் அடியை வாசித்தால் நிகழ்ச்சி நடுவில் ஒருவருக்கு அருள் வந்துவிடும். அதன்பிறகு அந்த இடத்துக்கு உரிய மரியாதையைக் கொடுத்தே ஆகவேண்டும், நிரல் கலைந்துவிடும். உருமிக்காரர்களிடம் முதல் பயிற்சியிலேயே சொல்லிவிடுங்கள்: தெம்மாங்கு அடியும் நடை அடியும் போதும், சாமி அடி வேண்டாம். அவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், கேட்டுக்கொண்டால் மதித்து நடப்பார்கள்.

தெரு நாடகம்

15 நிமிடம் போதும், 20-ஐத் தாண்டக் கூடாது. மேடையில் போடாமல் தரையில் வட்டம் அமைத்துப் போடுங்கள். மூன்று பக்கமும் கூட்டம், நான்காவது பக்கம் பறை. விட்டம் ஆறு மீட்டர். அதைவிடச் சிறிதானால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது, பெரிதானால் நடிகர் ஓடியே களைத்துப் போவார். பேசும்போது நில்லுங்கள், நடக்கும்போது பேசாதீர்கள். முக்கியமான வரியை மூன்று பக்கமும் திரும்பி மூன்று தடவை சொல்லுங்கள். அதுவே ஒரு தாளமாகிவிடும்.

கருவுக்கு வெளியே தேட வேண்டியதில்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது. கூலி, பள்ளி, மருத்துவம், கள்ளுக்கடையை மூடுவது என்ற கோரிக்கைகளோடு இதுவும் இருந்தது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இதை நாடகமாக்க ஒரு பழைய சைக்கிள் போதும். ஒருவர் ஓட்டி வருகிறார், பறை ஓர் அடி, இறங்குகிறார். மறுபடி வருகிறார், இறங்குகிறார். மூன்றாவது தடவை பறை அடிக்கிறது, கால் தரையைத் தொடவில்லை. அந்த அமைதியை நான்கு எண்ணிக்கை வரை பிடித்து வையுங்கள். வசனம் வேண்டாம். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போடாமல் விடுங்கள், அந்தக் கீச்சொலி கடைசி வரிசைவரை கேட்கும். இந்தக் காட்சியிலிருந்து இன்றைய வீட்டுக் கோரிக்கைக்கு வர ஒரே வரி போதும், அதை அந்த ஊர்ப் பெண் ஒருவர் சொல்லட்டும்.

மைக்கும் ஒலிபெருக்கியும்

திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி 6 டெசிபல் குறையும். ஒலிபெருக்கியிலிருந்து 5 மீட்டரில் காதைப் பிளக்கும் ஒலி 40 மீட்டரில் 18 டெசிபல் குறைந்து போயிருக்கும். முன்வரிசைக்குக் கூட்டி வைத்தால் பிள்ளைகள் அழுவார்கள், பாட்டிக்கு அப்போதும் கேட்காது. இதற்கு வழி, 25 மீட்டரில் இரண்டாவது ஜோடிப் பெட்டி வைப்பது. இந்த வெக்கையில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 347 மீட்டர் போகிறது. 25 மீட்டருக்கு 72 மில்லிவிநாடி. பின்ஜோடிக்கு 85 மில்லிவிநாடி தாமதம் வைத்தால் குரல் மேடையிலிருந்தே வருவது போல இருக்கும். தாமதம் வைக்காவிட்டால் ஒவ்வொரு சொல்லும் இரட்டையாகக் கேட்கும். கருவியில் அந்த வசதி இல்லையென்றால் பின்ஜோடியே வேண்டாம். நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போடுங்கள்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். இரண்டு மீட்டர் உயரத் தாங்கியில் ஏற்றி, சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். எதிரே கடைகளின் சுவர் இருந்தால் நேராக அதை நோக்கித் திருப்பக் கூடாது. 50 மீட்டரில் உள்ள சுவரிலிருந்து கிட்டத்தட்ட 0.3 விநாடியில் எதிரொலி வந்து தாளத்தையே குழப்பிவிடும்.

மைக்கை வாயிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் பிடியுங்கள். தலைப்பகுதியைக் கையால் மூடிப் பிடிக்கும் பழக்கம் இளைஞர்களிடம் இருக்கிறது. மூடினால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலி வாங்கத் தொடங்கும், ஊளை கிளம்பும். மேடைக் காதொலிப் பெட்டி (பாடகர் தம் குரலைக் கேட்க வைக்கும் ஒலிபெருக்கி) மைக்கின் நேர் பின்புறம் இருக்க வேண்டும். ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கோடு நடந்து போகக் கூடாது. கூட்டத்துக்குள் இறங்கிப் பாட ஆசைப்படும் பாடகரிடம் இதை முன்பே சொல்லுங்கள். மிக்சரில் குரலுக்கான வரிசைகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள், 250 முதல் 400 வரை கொஞ்சம் குறையுங்கள், 3,000 பக்கம் சிறிது ஏற்றுங்கள். ‘ற’, ‘ச’, ‘த’ எல்லாம் பிரிந்து கேட்கும். எதிரொலி விளைவு பேச்சுக்கு வேண்டவே வேண்டாம்.

300 பேர் கூடும் திடலில் பறைக்கு மைக் தேவையில்லை. பறையின் இயல்பான ஒலியே போதும், குரலுக்குத்தான் உதவி வேண்டும். பறை வரிசை பாடகரின் மைக்கிலிருந்து மூன்று மீட்டராவது பின்னால் அல்லது பக்கவாட்டில் இருக்கட்டும். பல்லவிக்கு முழு அடி, சரணத்துக்குச் சிண்டுக்குச்சி மட்டும் என்று பிரித்துக்கொண்டால் சொற்கள் தப்பிக்கும்.

ஒலிச் சோதனையில் ‘ஹலோ ஹலோ, ஒன்று இரண்டு’ என்று சொல்லி நேரத்தைக் கழிக்காதீர்கள். ஒருவர் மேடையில் நின்று தொடர்பில்லாத பத்துச் சொற்களைப் படிக்கட்டும்: வாழை, வாளி, பழம், பள்ளம், கரை, கறை, மனு, மணல், உரிமை, உருமி. இன்னொருவர் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டதை எழுதட்டும். பறை மெதுவாக ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்பது சரியாக வந்தால் தொடங்கலாம். குறைந்தால் முதலில் பறையைத் தணியுங்கள், பிறகு பேச்சை மெதுவாக்குங்கள், ஒலியைக் கூட்டுவது கடைசி வழி. திடல் நிறைந்த பிறகு உடம்புகள் ஒலியை வாங்கிக்கொள்ளும் என்பதால் இரண்டாம் பாட்டின்போது மறுபடி ஒருவர் பின்னால் போய் நின்று கேட்டுவிட்டு வர வேண்டும்.

மின்சாரமும் மின்னலும்

நான்கு ஒலிபெருக்கி, மிக்சர், எட்டு எல்இடி விளக்கு, சில காற்றாடி, இவற்றுக்கு 5 கேவிஏ ஜெனரேட்டர் தாராளம். முக்கால் பாரத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். தேநீர்க்கடைக்காரர் தண்ணீர் கொதிக்க வைக்கும் கேத்தலை அதே இணைப்பில் செருகுவார், 2,000 வாட் திடீரென்று ஏறும், பாட்டு நடுவில் எல்லாம் அணையும். கடைக்குத் தனி இணைப்பு அல்லது கேஸ் அடுப்பு. நீட்டிப்புக் கம்பியைச் சுருளிலிருந்து முழுதாக அவிழ்த்துவிடுங்கள், சுருட்டியபடி பாரம் ஏற்றினால் உள்ளேயே சூடாகி உருகும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் ஈரப் புல்லில் மைக் பிடிக்க மறுத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தி அது துண்டிக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இணைப்புகள் தரையில் கிடக்காமல் மரப்பலகையின் மேல் இருக்க வேண்டும். பெட்ரோல் ஊற்ற ஜெனரேட்டரை அணைத்து, ஆறவிட்டு, பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். இஷா இடைவேளை அதற்குத் தோதான நேரம்.

ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலை இடிமழை வழக்கமானது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே நிறுத்துங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தொடங்க வேண்டும். கூடாரம் பாதுகாப்பல்ல, அதன் இரும்புக் கால்கள் ஆபத்து. செம்பனை நிழலும் ரப்பர் மர நிழலும் அதைவிட ஆபத்து. கட்டடம், பேருந்து, மூடிய கார், இவைதான் பாதுகாப்பு. டேவான் (ஊர்ப் பொது மண்டபம்) அல்லது பள்ளி மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மாலையிலேயே கேட்டு வையுங்கள். அறிவிப்பாளர் சொல்ல வேண்டிய வாசகத்தை எழுதித் தயாராக வைத்திருக்க வேண்டும்: “ஐயா, அம்மா, இடி கிட்ட வந்துருச்சு. பெரியவங்க முதல்ல டேவானுக்குப் போங்க, தம்பிங்க நாற்காலியத் தூக்காதீங்க, கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க.” மண்டபத்துக்குள் மைக் இல்லாமலே பாடக்கூடிய இரண்டு பாட்டு ஒவ்வொரு குழுவிடமும் இருக்க வேண்டும். மழை இரவில் சனத்தைக் கலையாமல் பிடித்து வைப்பது அந்த இரண்டு பாட்டுதான்.

மனு மேசை

நிகழ்ச்சியின் பலன் அங்கேதான் தெரியும். மேடைக்குப் பக்கத்தில் வைத்தால் ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. பின்னால், தேநீர் கொடுக்கும் இடத்துக்கும் வெளியேறும் வழிக்கும் நடுவே வையுங்கள். ஒருவருக்கு ஒரு படிவம் நிரப்ப நான்கு நிமிடம் ஆகும். 60 பேருக்கு 240 நிமிடம். எழுதுகிறவர் மூன்று பேர் இருந்தால் 80 நிமிடம். இடைவேளையில் மட்டும் திறந்தால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள், அதனால்தான் 6.30 என்று சொன்னோம். பழைய சம்பளச் சீட்டு, ஊழியர் சேமநிதி அறிக்கை, அடையாள அட்டை, இவற்றைக் கொண்டு வரச் சொல்லி மூன்று நாள் முன்பே லயத்து வீடு வீடாகச் சொல்ல வேண்டும். கைநாட்டு வைப்பவருக்குச் சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். ஒரே நீளத் தாளில் எல்லார் அடையாள அட்டை எண்ணும் வரிசையாகத் தெரிந்தால் யாரும் படம் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

கலைஞர்களின் பங்கு இதில் பெரியது. பாட்டு முடிந்ததும் பாடியவர் நேராக மேசைக்கு நடந்து போய் அங்கே நிற்கட்டும். சனம் பின்னால் வரும். மேடையில் “கையெழுத்துப் போடுங்கள்” என்று பத்துத் தடவை சொல்வதைவிட இது வேலை செய்யும்.

திடலின் ஓரத்தில் வங்காளதேசத்து, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்கள் நின்று பார்ப்பார்கள். அவர்களை மேடைக்கு இழுக்காதீர்கள், முகம் தெரியப் படம் எடுக்காதீர்கள். வேலை பெர்மிட் ரத்தானால் இழப்பு அவர்களுக்கு. தேநீர் கொடுங்கள், உதவி எண் அச்சிட்ட சிறு சீட்டை அவர்கள் மொழியில் கொடுங்கள். பல்லவியின் ஒரு வரியை மலாயிலும் பாடிவிட்டால் அண்டை கம்பத்தாருக்கும் அவர்களுக்கும் புரியும்.

உருமிக் குழுவுக்குப் பேசிய தொகையில் பாதியை முன்பணமாகவும் மீதியை அன்றிரவே கையிலும் கொடுத்துவிடுங்கள். தொழிலாளர் கூலிக்காகப் பாடும் நிகழ்ச்சியில் கலைஞர் கூலி பாக்கி நிற்கக் கூடாது. கரித்தணலை நீரூற்றி அணைத்து, குப்பியும் கோப்பையும் பொறுக்கி, திடலைக் காலையில் பந்தாட வரும் பிள்ளைகளுக்கு ஏற்றபடி விட்டுச் செல்லுங்கள். படிவங்களை எண்ணி, எண்ணிக்கையை அன்றிரவே இரண்டு பேர் கையெழுத்திட்டு எழுதி வையுங்கள். அடுத்த ஞாயிறு கோயிலில் அதைப் படித்துச் சொல்லவும், மனு ஆள்பல இலாகாவில் (தொழிலாளர் துறையில்) கொடுக்கப்பட்ட நாளையும் பெற்றுக்கொண்ட முத்திரையையும் காட்டவும் உங்கள் குழுவிலிருந்து ஒருவராவது திரும்பி வர வேண்டும்.